தையல் விடவில்லை, துணிதான் விட்டது: ஓரம் பிசிறாமல் தைக்க

நான் ஜாக்கெட் தைக்கத் தொடங்கி மூன்றாவது வருடம் அது. அடுத்த தெரு அத்தை, மகள் நிச்சயத்துக்கு உடுத்த டிஷ்யூ பட்டுச் சேலை ஒன்று எடுத்திருந்தார். சேலையோடு வந்த துண்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். அளவு கனகச்சிதம். இரண்டாம் தடவை போட்டபோது வலது கைக்குழியின் பின்பக்கம் இரண்டு இன்ச் நீளத்துக்கு வாய் பிளந்துவிட்டது. மறுநாள் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கோபப்படவில்லை. உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "பாருத்தா, நீ போட்ட தையல் அப்படியே நிக்குது. துணிதான் தையலை விட்டு வெளிய வந்துருச்சு" என்றார்.

உண்மைதான். தையல் நூல் ஓர் இடத்திலும் அறுபடவில்லை. தையலுக்கு வெளியே நான் விட்டிருந்த கால் இன்ச் துணி ஒவ்வோர் இழையாக உதிர்ந்து, கடைசியில் தையல் பிடித்து நிற்கத் துணியே இல்லாமல் போயிருந்தது. பாப்ளினுக்கு விடுகிற அதே கால் இன்ச்சை டிஷ்யூவுக்கும் விட்டிருந்தேன். ஓரத்துக்கு ஒன்றுமே செய்யவில்லை. உள்ளே இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எந்தத் துணி வந்தாலும், இதன் ஓரத்தை எப்படிக் கட்டப்போகிறேன் என்று முடிவு செய்யாமல் கத்தரியைத் தொடுவதில்லை. ஓரத்தைக் கட்ட ஏழெட்டு வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விடவேண்டிய துணி வேறு வேறு. ஒன்றுக்குக் கால் இன்ச் போதும், இன்னொன்றுக்கு அரை இன்ச் வேண்டும், ஜாக்கெட்டின் பக்கவாட்டுக்கோ ஒன்றரை இன்ச்கூட விடுவோம். வெட்டிய பிறகு யோசித்தால், இருக்கிற துணிக்கு ஏற்ற வழியைத்தான் செய்யமுடியும்; அந்தத் துணிக்கு ஏற்ற வழியைச் செய்யமுடியாது. வீட்டில் புதிதாகத் தைக்கப் பழகுகிறவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் கைப்பழக்கம்.

பிசிறு எங்கிருந்து வருகிறது

நான் இருப்பது சின்னாளப்பட்டி. திண்டுக்கல்–மதுரை சாலையை ஒட்டிய நெசவு ஊர். தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் பாவு, ஊடை என்ற சொற்கள் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். நீளவாட்டில் கட்டியிருப்பது பாவு. குறுக்கே நாடா, அதாவது நூல் சுமக்கும் தறி ஓடம், ஓடிப் போகவும் வரவுமாகப் போடுவது ஊடை. நெய்யும்போது ஊடை நூல் ஓரத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. அந்தத் திருப்பம்தான் கரை. அதனால்தான் கரை எந்தக் காலத்திலும் பிசிறாது. நாம் கத்தரியால் வெட்டும்போது அந்தத் திருப்பம் இல்லாத ஓர் ஓரத்தை உண்டாக்குகிறோம். அங்கே நூல் முனைகள் எதையும் பிடிக்காமல் சும்மா கிடக்கின்றன. உரசினால், துவைத்தால், இழுத்தால் ஒவ்வொன்றாக நழுவி வருகின்றன.

நூலுக்கு நேராக வெட்டினால் ஒரு முழு இழை அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். மூலைவாக்கில், நாங்கள் கிராஸ் என்று சொல்கிற வாட்டத்தில் வெட்டினால், ஒவ்வோர் இழையும் குறுகிய துண்டாகி, பக்கத்து இழைகளுக்குள் சிக்கி நிற்கும். அது அவ்வளவு எளிதில் உதிராது. ஆனால் இழுத்தால் நீளும். கழுத்து வளைவில் பார்த்திருப்பீர்கள்: வளைவின் ஒரு பகுதி பிசிறும், இன்னொரு பகுதி சும்மா இருக்கும். நூல்வாட்டம் மாறுவதுதான் காரணம்.

நூல் வழுவழுப்பாக இருந்தாலும், நெசவு தளர்வாக இருந்தாலும் பிசிறு கூடும். சாட்டின், ஜார்ஜெட், டிஷ்யூ, ஆர்கன்சா, ஜரிகை நிறைந்த பிராகேட் எல்லாம் இந்த வகை. நெருக்கமாக நெய்த பாப்ளின் அடக்கமாக இருக்கும். ஜாக்கெட்டுக்கு எடுக்கிற டூ பை டூ துணியும் அப்படித்தான். பாவிலும் ஊடையிலும் இரண்டிரண்டு இழைகளை முறுக்கி நெய்வதால்தான் அதற்கு அந்தப் பெயர். முறுக்கிய நூல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். திருப்பூர் பனியன் துணி வேறு இனம். அது பின்னியது, நெய்தது கிடையாது. அது பிசிறாது, ஓரம் சுருண்டுகொள்ளும்.

எந்தத் துணி எப்படி என்று பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் பத்துத் தரம் விற்கிறார்கள். நான் செய்கிற சோதனை இது: ஒதுக்குப்புறமாக இரண்டு இன்ச் சதுரம் வெட்டி, ஒரு பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் பத்து முறை வெளிப்பக்கமாக உரசுகிறேன். ஓரிரண்டு இழை வந்தால் பயமில்லை. அரைக்கால் இன்ச், அதாவது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, உதிர்ந்துவிட்டால் அந்தத் துணிக்கு எல்லாப் பக்கமும் கூடுதலாக விட்டு, ஓரத்தை மூடும்படியான வழிக்குத்தான் போவேன்.

கத்தரி வைக்கும் முன்னும் வைத்த உடனேயும்

பருத்தித் துணியை வெட்டும் முன் நனைத்துச் சுருக்கம் எடுப்போம். அப்படி நனைக்கும் முன், கடையில் கிழித்துக் கொடுத்த இரண்டு முனைகளிலும் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வாளியில் இருந்து எடுக்கும்போது முனை முழுக்க நூல் கட்டியாகத் திரண்டிருக்கும், அதை வெட்டி எறிந்தால் இரண்டு இன்ச் துணி போச்சு. மீட்டர் கணக்காக அளந்து வாங்கியதில் இரண்டு இன்ச் என்பது சிலசமயம் ஒரு கழுத்துப் பட்டி.

தளர்ந்த பருத்திக்கும் வாயில் (voile) என்கிற மெல்லிய பருத்தித் துணிக்கும் கஞ்சி போடுங்கள். வடித்த கஞ்சியில் தண்ணீர் விட்டு விளாவி, வடிகட்டி, துணியை முக்கி நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டால் துணி காகிதம் மாதிரி நிற்கும். வெட்டும்போது நெளியாது, ஓரமும் தைத்து முடிக்கும்வரை பிரியாது. தைத்த பிறகு ஒரு துவைப்பில் கஞ்சி போய்விடும். என் பெரியம்மா சொல்லிக்கொடுத்தது. அவர் காலத்தில் ஓவர்லாக், அதாவது ஓரத்தை நூலால் சுற்றிக் கட்டும் மிஷின், கிடையாது; கஞ்சியும் கைத்தையலும்தான். பட்டுக்கு இதைச் செய்யாதீர்கள்.

கத்தரி மழுங்கியிருந்தால் துணியை வெட்டாது, மெல்லும். மென்ற ஓரம் வெட்டிய நிமிஷத்திலேயே பிசிறத் தொடங்கும். துணிக் கத்தரியால் காகிதம் வெட்டக்கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒளித்து வையுங்கள். வெட்டும்போது கத்தரியின் நுனியால் கொத்திக் கொத்திப் போகாமல், வாயை முழுக்கத் திறந்து, அடிவரை கொண்டுபோய் நீளமாக வெட்டுங்கள்.

டாட் (உடம்பு வடிவத்துக்குப் பிடிக்கிற மடிப்பு) இடம், கை நடு எல்லாம் தெரிய ஓரத்தில் சின்னதாக வெட்டு வைப்பது எங்கள் வழக்கம். பிசிறும் துணியில் அந்த வெட்டுதான் கிழிசலின் வாசல். அங்கே சாக்பீஸால் குறியுங்கள், அல்லது வேறு நிற நூலில் ஒரு பெரிய தையல் விடுங்கள்.

வெட்டிய துண்டுகளை அள்ளிப் பையில் திணித்து நாலு நாள் கழித்து எடுப்பது கூடாது. எனக்கு வேலை நெருக்கும்போதுகூட ஜார்ஜெட், டிஷ்யூவை வெட்டினால் அன்றைக்கே ஓரத்தைக் கட்டிவிடுவேன். முடியாது என்று தெரிந்தால் அன்று வெட்டவே மாட்டேன். கழுத்து வளைவிலும் கைக்குழியிலும் வெட்டிய கையோடு ஓரத்திலிருந்து அரைக்கால் இன்ச் உள்ளே ஒற்றைத் தையல் ஓட்டிவிடலாம். துணியின் நூல்களுக்கு அது வேலி மாதிரி, வளைவும் இழுபடாது. இது கடைசித் தையலுக்குள் மறைந்துவிடும், பிரிக்கவேண்டிய அவசியமில்லை.

பிராகேட் என்றால் இன்னும் ஒரு படி. வெட்டப்போகிற கோட்டை உள்பக்கம் வரைந்து, அந்தக் கோட்டின் மேல் மெல்லிய ஒட்டும் கேன்வாஸை (பசை தடவிய உள்துணி) முக்கால் இன்ச் பட்டையாக இஸ்திரியால் ஒட்டிவிட்டு, பிறகு அதோடு சேர்த்து வெட்டுவேன். ஜரிகை முனைகள் பசையில் மாட்டிக்கொள்ளும். இஸ்திரியை மிதமான சூட்டில் வைத்து, இடையில் ஒரு பருத்தித் துணி போட்டுத்தான் அழுத்தவேண்டும். நேராக வைத்தால் ஜரிகை நிறம் மங்கும்.

கரையை வீணாக்காதீர்கள்

பிசிறாத ஓர் ஓரத்தை நெசவாளி ஏற்கெனவே செய்து கொடுத்திருக்கிறார். அதை வெட்டி எறிந்துவிட்டு, வேறோர் ஓரத்தை உட்கார்ந்து மடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. சேலை ஜாக்கெட்டில் கரையைக் கை முனைக்கு வைப்பதன் லாபம் அழகு மட்டுமில்லை. கை முனையை மடித்து எம்மிங் செய்யவே, அதாவது மடிப்பை ஊசியால் பிடித்துத் தைக்கவே, தேவையில்லை. கொக்கிப் பட்டியை வெட்டும்போது, உள்ளே போகிற பக்கம் கரையாக இருக்கும்படி வெட்டுங்கள். ஒரு மடிப்பு மிச்சம், பட்டியும் தடிக்காது. தலையணை உறையின் வாய், உள்பாவாடையின் நாடா மடிப்பு இதெல்லாம் கரையில் வருகிற மாதிரி துணியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கரை மட்டும் இறுக்கமாகச் சுருங்கி இழுத்துக்கொண்டிருக்கிற துணிகளும் உண்டு. நனைத்த பிறகு தடவிப் பார்த்து, இழுத்தால் அங்கே மட்டும் வெட்டிவிடுங்கள்.

ஓவர்லாக் இல்லாத வீட்டில்

கறுப்புக் கால்மிஷின் நேர்த்தையல் மட்டும்தான் போடும். அது போதும். நான் ஆறு வருடம் அதை மட்டும் வைத்துத்தான் பிழைத்தேன்.

எளிதானது, ஓரத்தை மடித்து அடிப்பது. இணைப்புத் தையல் போட்ட பிறகு, வெளியே நிற்கிற இரண்டு ஓரங்களையும் தனித்தனியாக அரைக்கால் இன்ச் உள்ளே மடித்து, மடிப்பின் விளிம்பில் ஒரு தையல். மேல்துணியைச் சேர்த்துப் பிடித்துவிடாமல், ஓரத்தை மட்டும் தனியே இழுத்துப் பிடித்துத் தைக்கவேண்டும். இதற்கு முக்கால் இன்ச்சாவது விட்டிருக்கவேண்டும். பருத்தி, லினன், டூ பை டூ எல்லாவற்றுக்கும் சரி. கனத்த துணியில் மடிப்பு தடித்து வெளியே கோடாகத் தெரியும்.

மெல்லிய துணிக்கு என் கைவசம் உள்ளதிலேயே எனக்குப் பிடித்தது பிரெஞ்சு தையல். ஜார்ஜெட் குர்த்தி, குழந்தைகளின் வாயில் சட்டை, உள்பாவாடை இதற்கெல்லாம் இதைவிடச் சுத்தமாக ஒன்று இல்லை. உள்ளே திருப்பிப் பார்த்தால் ஒரு நூல்முனைகூடத் தெரியாது. மொத்தம் அரை இன்ச் விட்டு வெட்டுங்கள். வழக்கத்துக்கு மாறாக, இரண்டு துண்டுகளின் நல்ல பக்கமும் வெளியே இருக்கும்படி உள்பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, ஓரத்திலிருந்து கால் இன்ச்சில் தையுங்கள். பழகாத கைக்கு இங்கேதான் தடுமாற்றம் வரும். தலைகீழாகத் தைக்கிறோமோ என்று தோன்றும், தையுங்கள். பிறகு அந்த ஓரத்தை அரைக்கால் இன்ச் மட்டும் விட்டு வெட்டிவிட்டு, தைத்ததை ஒரு பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். இப்போது நல்ல பக்கங்கள் முகத்தோடு முகம் பார்க்கிற மாதிரி திருப்பி, முதல் தையல் சரியாக மடிப்பின் விளிம்பில் வரும்படி விரலால் உருட்டி, மறுபடி இஸ்திரி. அந்த விளிம்பிலிருந்து கால் இன்ச்சில் இரண்டாவது தையல். வெட்டிய ஓரம் இரண்டு தையலுக்கும் நடுவே பூட்டி வைத்த மாதிரி அடங்கிவிடும். முதல் தையலுக்குப் பிறகு ஓரத்தை வெட்டாமல் விட்டால், நல்ல பக்கத்தில் தையல் இடுக்கிலிருந்து மீசை மாதிரி நூல் எட்டிப் பார்க்கும். இஸ்திரியையும் வெட்டுவதையும் சோம்பல்பட்டு விடுகிறவர்கள்தான் பிரெஞ்சு தையல் எனக்கு வராது என்கிறார்கள். ஜார்ஜெட்டுக்கு 11 நம்பர் ஊசி போடுங்கள், தையல் நீளம் 2 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும்.

ஆழமாக வளைகிற கைக்குழியில் பிரெஞ்சு தையல் விறைத்து நிற்கும். அங்கே கிராஸ் பீஸ் போடுங்கள். மெல்லிய டூ பை டூ துணியை மூலைவாக்கில் ஒன்றேகால் இன்ச் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, தைத்து முடித்த கைக்குழி ஓரத்தின் மேல் வைத்துக் கால் இன்ச்சில் ஒரு தையல், பட்டையைத் திருப்பி ஓரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மடித்து அடிப்பக்கம் இன்னொரு தையல். கிராஸ் துணி என்பதால் வளைவோடு வளைந்து போகும். அத்தையின் ஜாக்கெட்டுக்கு நான் முதலிலேயே செய்திருக்கவேண்டியது இதுதான்.

ஆண்கள் சட்டை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி தினமும் துவைபடுகிறவற்றுக்கு, ஜீன்ஸ் பேண்ட் காலில் பார்க்கிறோமே, அந்த மடிப்புத் தையல். இணைப்புத் தையல் போட்ட பிறகு ஓர் ஓரத்தைப் பாதியாக வெட்டி, மற்ற ஓரத்தை அதன்மேல் மடித்துச் சுற்றி, படுக்கவைத்து மேலே ஒரு தையல். துணி போகும்வரை அந்த இணைப்பு போகாது.

மிஷினே இல்லையா, ஊசியும் நூலும் போதும். ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, அரைக்கால் இன்ச் ஆழத்தில், கால் இன்ச் இடைவெளியில் சாய்வாகத் தைத்துக்கொண்டு போங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் காஜா (பொத்தான் துளை) எடுக்கிற மாதிரி, ஒவ்வொரு தையலிலும் நூலை வளையத்துக்குள் விட்டு இழுங்கள். நூலை இறுக்கக்கூடாது, இறுக்கினால் ஓரம் குவிந்துகொள்ளும். பெரியம்மா இரவு ரேடியோ கேட்டுக்கொண்டே ஒரு ஜாக்கெட் முழுக்க இப்படிச் சுற்றிவிடுவார்.

சிக்-சாக் வசதி உள்ள மோட்டார் மிஷின் இருந்தால், அகலம் 4, நீளம் 2 வைத்து ஒரு துண்டில் ஓட்டிப் பாருங்கள். ஊசி வலப்பக்கம் இறங்கும்போது துணியின் விளிம்புக்குச் சற்று வெளியே, காற்றில் இறங்கவேண்டும். அப்போதுதான் நூல் ஓரத்தைச் சுற்றிக் கட்டும். முழுக்கத் துணிக்கு உள்ளேயே ஓட்டினால், சிக்-சாக்குக்கு வெளியே இருக்கிற துணி எப்படியும் உதிரும். மெல்லிய துணி சுருண்டு குழலாகிப் போனால், அகலத்தைக் குறைத்து, அடியில் ஒரு செய்தித்தாள் துண்டு வைத்துத் தைத்து, பிறகு காகிதத்தைக் கிழித்து எடுங்கள்.

பல்பல்லாக வெட்டுகிற கத்தரி பற்றிக் கேட்பார்கள். சின்னச் சின்னக் கிராஸாக வெட்டுவதால் பிசிறைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. லைனிங்குக்குள் மறைகிற பாப்ளினுக்கு வைத்துக்கொள்ளலாம். சாட்டினுக்கு அதை நம்பாதீர்கள்.

ஓவர்லாக் கொடுக்கும்போது

பெரும்பாலும் நாம் போடுவது மூன்று நூல் ஓவர்லாக். ஓரத்தைக் கத்தியால் சீவிக்கொண்டே நூலால் சுற்றிக் கட்டும். ஐந்து நூல் மிஷின் கட்டுவதோடு பக்கத்தில் இணைப்புத் தையலையும் சேர்த்துப் போடும். மூன்று நூலை நம்பி இணைப்பை விடாதீர்கள். நேர்த்தையல் ஒன்று கட்டாயம்.

கத்தி சீவும் என்பதை மறந்துதான் நிறையப் பேர் ஜாக்கெட்டை இறுக்கமாக்கிக்கொள்கிறார்கள். ஓவர்லாக் கடையில் துண்டுகளைக் கொடுக்கும்போது, "விளிம்பை மட்டும் லேசா சீவினா போதும்ணே, வளைவுல கத்தி உள்ள போகக்கூடாது" என்று சொல்லிக் கொடுங்கள். நூல் நிறத்தையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மிஷினில் என்ன நூல் இருக்கிறதோ அதுதான்.

ஜாக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு தனிக் கணக்கு உண்டு. நம் ஊரில் ஒரு ஜாக்கெட் ஒரு வருடத்துக்குத் தைப்பதில்லை. உடம்பு போட்டால் பிரித்துவிட, பக்கத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரை இன்ச் துணி விடுகிறோம், இரண்டு மூன்று தையல் வரிசை போடுகிறோம். அங்கே பிரெஞ்சு தையலும் மடிப்புத் தையலும் உதவாது, பிரிக்கமுடியாமல் போகும். இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஓவர்லாக் செய்தாலும் பிரிப்பதற்குச் சிரமம். முன், பின் துண்டுகளின் பக்க ஓரங்களைத் தனித்தனியாக முதலில் ஓவர்லாக் செய்துவிட்டு, பிறகு இணையுங்கள். ஐந்து வருடம் கழித்துப் பிரிக்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

லைனிங் வைத்த பட்டு ஜாக்கெட்டில், ஒவ்வொரு துண்டையும் அதன் லைனிங்கோடு சேர்த்துப் படுக்கவைத்து, சுற்றிலும் அரைக்கால் இன்ச்சில் ஓர் ஓட்டுத் தையல் போட்டபிறகுதான் அடுத்த வேலை. பட்டு நழுவ, பருத்தி லைனிங் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டையும் ஒன்றாக வைத்து ஓவர்லாக். லைனிங்கை முன்னாலேயே நனைத்துச் சுருக்கியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் பட்டுத் துணியைக் குவித்துவிடும்.

நெருப்பும் பசையும்

சாட்டின் ரிப்பன், பாலியஸ்டர் ஆர்கன்சா, நைலான் நாடா இவற்றின் முனையை மெழுகுவர்த்திச் சுடரின் பக்கத்தில், சுடர் தொடாமல் காட்டினால் நூல்முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். இது செயற்கை நூலுக்கு மட்டும். பருத்தியும் ரேயானும் உருகாது, பற்றி எரியும். பட்டு கருகும், முடி கருகுகிற நாற்றம் வரும். சந்தேகமிருந்தால் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டிப் பாருங்கள்: உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டரோ நைலானோ. உருகிய ஓரம் கூராக இருக்கும், எனவே அக்குள், கழுத்து மாதிரி தோலில் படுகிற இடத்தில் வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது, கையெட்டும் தூரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நிறமில்லாத நகப்பூச்சை ஓரத்தில் தடவுவதும் சின்ன இடத்துக்கு உதவும். காஜா வெட்டுகிற கோடு, கழுத்தின் கூர்மூலை, கொக்கி வைக்கிற மூலை என அவ்வளவுதான். காய்ந்தால் விறைக்கும், சில நிறங்களில் ஈரம் பட்ட கறை மாதிரி நிற்கும். முதலில் துண்டில் சோதனை செய்யுங்கள். தீக்குச்சி முனையால் தொட்டு வையுங்கள், பிரஷ்ஷால் பூசினால் பரவிவிடும்.

சேலையின் இரண்டு முனை

சேலையின் நீளவாட்டு ஓரம் இரண்டும் கரை, அதற்குப் பிசிறு கிடையாது. வெட்டிய முனை இரண்டுதான் கவனிக்கவேண்டியது. ஜாக்கெட் துண்டை வெட்டி எடுக்கும்போது கண் அளவில் வெட்டாதீர்கள். வெட்டவேண்டிய இடத்தில் ஓர் ஊடை நூலை ஊசிமுனையால் தூக்கி, மெதுவாக உருவுங்கள். அறுந்தால் அதே கோட்டில் தொடருங்கள். நூல் போன இடம் சன்னமான ஒற்றையடிப் பாதை மாதிரித் தெரியும், அதன்மேல் வெட்டினால் கோணாது. நூலை விட்டுச் சற்றே கோணலாக வெட்டிய முனைதான் பிகோ போட்ட பிறகும் பிசிறும். ஓர் இழையும் முழுசாக ஓரத்தில் நிற்காததால் துண்டு துண்டாக உதிரும்.

பிகோ என்பது முனையைச் சுருட்டி நெருக்கமாகக் கட்டுகிற சிக்-சாக். மெல்லிய சேலைக்கு அது நல்லது. சின்னாளப்பட்டிச் சுங்குடி மாதிரி பருத்திக்கு நான் முனையைக் கால் இன்ச் இரட்டை மடிப்பாக மடித்துக் கையால் எம்மிங் செய்கிறேன். பட்டு முந்தானைக்குக் குஞ்சம் முடிப்பதுதான் பழைய வழி, அதுவும் பிசிறைத் தடுக்கப் பிறந்ததுதான். முனையிலிருந்து நான்கு இன்ச் உள்ளே, துணி நிறத்து நூலில் ஒரு நெருக்கமான தையல் வரி போடுங்கள். அதற்கு வெளியே உள்ள ஊடை நூல்களை ஒவ்வொன்றாக உருவிவிட்டால் பாவு நூல்கள் தொங்கும். அவற்றை இருபது இருபத்தைந்து இழைகளாகப் பிரித்து, கைவிரலை லேசாக நனைத்து முறுக்கி, தையல் வரியை ஒட்டி முடிச்சுப் போடுங்கள். முடிச்சு துணியைத் தொட்டு நிற்கவேண்டும். அரை இன்ச் தள்ளி நின்றால் அந்த இடைவெளியில் ஊடை நழுவும்.

ஃபால்ஸ் துணியை நனைத்துக் காயவைத்துவிட்டே தையுங்கள், அதன் இரண்டு முனையையும் மடித்து.

பிரிந்துபோன பிறகு

உடுத்தியிருக்கும்போது ஒரு நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டுங்கள். துவைக்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டால் வெளிப்பக்கம் தப்பிக்கும், ஓரம் அதிகம் உரசும். அதனால் ஓரம் கட்டாத உடுப்பைத் திருப்பாமல் கையால் அலசுங்கள்.

அத்தையின் ஜாக்கெட்டை இப்படிச் சரிசெய்தேன். பிளந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு இன்ச் கூடுதலாகக் கையைப் பிரித்தேன். உதிர்ந்த நூல்களை நேராக வெட்டினேன். அதே நிறத்து டூ பை டூ துணியில் ஒட்டும் கேன்வாஸ் வைத்த ஒரு பட்டையை உள்பக்கம், நைந்த ஓரத்துக்கு அடியில் இஸ்திரியால் ஒட்டி, அதன்மேல் முன்னும் பின்னுமாக நெருக்கமாக நான்கு வரி ஓட்டினேன். நைந்த துணிக்கு இப்போது ஒரு முதுகு கிடைத்தது. பழைய தையலைவிடக் கால் இன்ச் உள்ளே புதுத் தையல், இரண்டு முனையிலும் பழைய கோட்டோடு வழுக்கினாற்போல் சேர்த்தேன். பிறகு இரண்டு கைக்குழியையும் சுற்றிக் கிராஸ் பீஸ். கைக்குழிப் பக்கம் துணி கால் இன்ச் குறைந்ததால் பிடிக்கும் என்று, பக்கத்தில் விட்டிருந்த துணியில் ஒரு வரியைப் பிரித்துத் தளர்த்தினேன். நல்லவேளை, அங்கேயாவது ஒன்றரை இன்ச் விட்டிருந்தேன்.

வேலை முடிய ஒரு மதியம் ஆனது. அத்தை போட்டுப் பார்த்து, கையை மேலே தூக்கி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், முன்னால் கட்டிப் பார்த்தார். பிறகு கழற்றி உள்பக்கத்தைத் திருப்பி, கிராஸ் பீஸை விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, பையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தார். ஆர்கன்சா. "இதுக்கும் உள்ள இப்படியே பட்டி வச்சுத் தைச்சிருத்தா" என்றார்.